அரை மணி நேரப் படம், இரண்டு மணி நேரப் பேச்சு

போன சனிக்கிழமை மாலை அட்லாண்டாவுக்குத் தெற்கே ஒரு தேவாலயக் கூடத்தில் படம் பார்த்தேன். திரை என்று தனியாக எதுவும் கிடையாது. சுவரில் வெள்ளை விரிப்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மடக்கு நாற்காலிகளில் நாற்பது பேர் இருப்போம், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர்கள். வாசலில் ஒரு அம்மா காகிதக் கோப்பைகளில் வறுத்த பீக்கன் (வால்நட் மாதிரியான ஒரு கொட்டை) பருப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டு மரத்துல காய்ச்சது, சாப்பிடுங்க" என்றார்.

படம், 2016இல் வந்த 'ஆர்க் ஆஃப் ஜஸ்டிஸ்'. அரை மணி நேரம்கூட ஓடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தென்மேற்கில், ஆல்பனி நகரத்துப் பக்கம், 1969இல் தொடங்கிய நியூ கம்யூனிட்டிஸ் என்ற பண்ணையின் கதை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போன கறுப்பினக் குடியானவர்களை, நிலச் சொந்தக்காரர்கள் வீட்டைக் காலி செய்ய வைத்த காலம் அது. குடியிருக்கும் வீடும் உழும் மண்ணும் அடுத்தவன் கையில் இருக்கும்வரை ஓட்டுரிமை நிலைக்காது என்று சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் போன்ற குடியுரிமைப் போராளிகள் உணர்ந்தார்கள். கடன் வாங்கி 5,700 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் பொது அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், குடும்பங்கள் நீண்ட காலக் குத்தகையில் வீடு கட்டலாம், பயிர் செய்யலாம், ஆனால் யாரும் விற்க முடியாது. அமெரிக்காவில் இந்த முறைக்கு அதுதான் முன்னோடி.

அப்புறம் நடந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது. வர வேண்டிய மத்திய அரசு நிதியை அன்றைய ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸ் தடுத்தார். பின்னால் வறட்சி வந்தபோது அவசரக் கடன் கேட்டார்கள். வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகம் இழுத்தடித்தது. விதைக்கும் பருவம் கடனுக்காகக் காத்திருக்குமா? 1985இல் நிலம் கைவிட்டுப் போனது. கறுப்பின விவசாயிகள் தொடுத்த பாகுபாட்டு வழக்கின் வழியாக 2009இல் 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது. அந்தப் பணத்தில், ஒரு காலத்தில் பெரிய அடிமை முதலாளி ஒருவருக்குச் சொந்தமாக இருந்த 1,600 ஏக்கர் தோட்டத்தை 2011இல் வாங்கினார்கள். அங்கே இன்று பீக்கன் மரங்கள் நிற்கின்றன.

ஒரு பீக்கன் கன்று ஒழுங்காகக் காய்க்கப் பல வருடம் ஆகும். அடுத்த வருடம் இங்கேயே இருப்போம் என்ற நம்பிக்கை உள்ளவர்தான் அதை நடுவார். மண்ணைப் பேணுவது பற்றி நாம் எவ்வளவோ எழுதுகிறோம், பகிர்கிறோம். அந்த மண்ணில் நிற்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேட்காத சூழலியல் பேச்சு எனக்கு இப்போது அரைகுறையாகவே படுகிறது. 1920இல் இந்த நாட்டில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை.

படம் முடிந்து விளக்கு போட்டதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே வருடா வருடம் கட்டிய நிலவரி ரசீதுகள், எல்லாம் தாத்தாவின் பெயரில். தாத்தா உயில் எழுதவில்லை. நீதிமன்றத்தையும் வக்கீலையும் நம்ப அவர்களுக்குக் காரணமே இல்லாத காலம். அப்படி விட்டுப்போன நிலம் வாரிசுகள் எல்லாருக்கும் பிரிக்காத பங்காகச் சேரும். எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் தூரத்துப் பேரன் ஒருவன் தன் பங்கை விற்றால் போதும், வாங்கியவர் நீதிமன்றம் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. இப்படித்தான் ஏக்கர் ஏக்கராகப் போயிருக்கிறது. ஜார்ஜியாவில் 2012இல் சட்டத்தைத் திருத்தி, மற்ற வாரிசுகளுக்கு அந்தப் பங்கை முதலில் வாங்கும் வாய்ப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இது தெரியாதவர்கள் அந்தக் கூடத்திலேயே பலர்.

இன்னொருவர் வட கரோலினாவின் வாரன் கவுண்டியைப் பேச்சுக்குள் கொண்டுவந்தார். 1978இல் சாலையோரங்களில் திருட்டுத்தனமாக பிசிபி நச்சு எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நச்சேறிய அந்த மண்ணை அள்ளிப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழைக் கிராமப்புறம். 1982இல் மண் ஏற்றி வந்த லாரிகளுக்கு முன்னால் மக்கள் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். மண் வந்து இறங்கத்தான் செய்தது. ஆனால் சூழல் நீதி, அதாவது நச்சும் மாசும் ஏழைகள், கறுப்பினத்தவர் தலையில் மட்டும் விழக்கூடாது என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். கடன் கொடுக்காமல் ஒரு ஊரின் நிலத்தைப் பறிப்பதும் இன்னொரு ஊரின் நிலத்தில் விஷத்தைக் கொண்டுவந்து புதைப்பதும் ஒரே கணக்கில் வருவது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"லிங்க் அனுப்பு, வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அந்த பிளாஸ்டிக் உறை இருக்காது. பெரிய அரங்கங்களிலும் இப்படிப்பட்ட திரையிடல்களுக்குப் போயிருக்கிறேன். மேடையில் நிபுணர்கள் ஒரு மணி நேரம் பேசுவார்கள், கூட்டத்துக்குக் கடைசிப் பத்து நிமிடம். அதை மாற்ற வேண்டும். படத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள், நிலத்தை இழந்தவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும், கூடத்தின் மூலையில் சட்ட உதவிக்கு ஒரு மேசை கட்டாயம் போடுங்கள்.

அன்றைக்கு அப்படி ஒரு மேசை இருந்தது. நான் கிளம்பும்போது மணி ஒன்பதரை. பெரியவர் அங்கே உட்கார்ந்து தாத்தாவின் வாரிசுகளை ஒவ்வொருவராகச் சொல்ல, ஒரு இளம்பெண் எழுதிக்கொண்டிருந்தாள். பதினேழாவது பெயரில் இருந்தார்கள்.