எல்டிஎல் நார்மல் ஆனாலும் ஸ்டாட்டின் ஏன் தொடர வேண்டும்?

கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 70-க்குக் கீழே வந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "அதான் நார்மல் ஆயிடுச்சே" என்று, அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களும் இதைச் செய்கிறார்கள். இது ஆபத்தான முடிவு. கொலஸ்ட்ரால் குறைந்திருப்பதே அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் அது பழைய அளவுக்கு ஏறிவிடும். ஸ்டாட்டின் செய்யும் இன்னொரு வேலையும் அத்தோடு நின்றுபோகும்.

அந்த இன்னொரு வேலை, ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிப்பது. எல்டிஎல் சுவருக்குள் நுழைந்ததும் அதை விழுங்க நோய் எதிர்ப்பு அணுக்கள் வருகின்றன. அளவுக்கு மீறி விழுங்கிய அணுக்களுக்குள் கொலஸ்ட்ரால் படிகமாகிறது. அந்தப் படிகம் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற, அழற்சியைக் கிளப்பும் புரதத்தைத் தூண்டுகிறது, அது அதே வகையைச் சேர்ந்த இன்டர்லூக்கின்-6-ஐத் தூண்டுகிறது, அதன் உத்தரவில் கல்லீரல், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. சுவரில் படிந்த கொழுப்பின் மேல் மூடியை அரித்து வெடிக்க வைப்பதும் இதே அழற்சிதான். அடைப்பு 40 சதவீதமே இருந்தவருக்கும் திடீரென்று மாரடைப்பு வருவது இப்படித்தான்.

ஸ்டாட்டின் தடுக்கும் நொதி கொலஸ்ட்ராலுக்கு மட்டும் உரியதல்ல. அதே பாதையில் உருவாகும் வேறு சில பொருட்கள் எதிர்ப்பு அணுக்களை முடுக்கிவிடப் பயன்படுகின்றன. அவையும் குறைவதால் அழற்சியும் தணிகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 2001-இல் வந்த பிரின்ஸ் ஆய்வில் பிராவாஸ்டாட்டின் 40 மி.கி. 24 வாரங்களில் சிஆர்பியை ஏறக்குறைய 17 சதவீதம் இறக்கியது. எல்டிஎல் எவ்வளவு இறங்கியது என்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. 2008-இன் ஜூபிடர் ஆய்வில் எல்டிஎல் 130-க்குக் கீழே, ஹெச்எஸ்-சிஆர்பி (நுண்ணிய அளவையும் காட்டும் சிஆர்பி டெஸ்ட்) 2 அல்லது அதற்கு மேலே இருந்த 17,802 பேர் பங்கேற்றார்கள். ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. எடுத்தவர்களுக்கு எல்டிஎல் 50 சதவீதமும், சிஆர்பி 37 சதவீதமும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 44 சதவீதமும் குறைந்தன. சர்க்கரை நோய் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

இந்தப் பலனில் எந்தப் பங்கு எல்டிஎல் குறைந்ததால், எந்தப் பங்கு அழற்சி தணிந்ததால் என்று ஜூபிடரால் பிரித்துச் சொல்ல முடியாது. அழற்சியை மட்டும் குறைத்தால் பலன் உண்டா என்பதற்கு விடை 2017-இல் கேன்டாஸ் ஆய்வில் கிடைத்தது. கனகினுமாப் ஊசி எல்டிஎல்லைத் தொடவே இல்லை, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் அடக்கியது. 150 மி.கி. அளவில் இதய நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடியதால் அது வழக்கமான இதய சிகிச்சையாகவில்லை. ஆனால் அழற்சி வெறும் அடையாளமல்ல, நோயின் காரணங்களில் ஒன்று என்பது உறுதியானது. எல்டிஎல்லைப் பாதிக்கும் மேல் குறைக்கிற பிசிஎஸ்கே9 ஊசிகள் (அந்தப் பெயருள்ள புரதத்தைத் தடுப்பவை) சிஆர்பியை அசைப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி டெஸ்ட். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். சாதாரண சிஆர்பி வேறு, ஹெச்எஸ்-சிஆர்பி வேறு. முதலாவது காய்ச்சலுக்குப் பார்ப்பது. "6-க்குக் கீழே நெகட்டிவ்" என்று வரும் ரிப்போர்ட்டை வைத்து இதயத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஹெச்எஸ் என்று கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். சில லேப்கள் டெசிலிட்டரில் தருவார்கள், அதில் 0.3 என்பதுதான் இங்கே 3. அலகைப் பார்க்காமல் நிம்மதியடைந்துவிடாதீர்கள்.

எப்போது எடுக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடப்பார். டெங்கு, சளி, பல் ஈறு வீக்கம், புதிதாகப் போட்ட தடுப்பூசி எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். சிக்குன்குனியா மூட்டுவலி இருந்தால் மாதக்கணக்கில் ஏறியே இருக்கலாம். 10-க்கு மேல் வந்தால் இதயத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைத்து, தொற்றைத் தேடுங்கள். உடம்பு சரியான பிறகு, இரண்டு வார இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. ஸ்டாட்டின் தொடங்கியவர்கள் 4 முதல் 12 வாரத்துக்குள் கொலஸ்ட்ரால் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

எல்டிஎல் 60, சிஆர்பி 4 என்று வந்தால்? ஸ்டாட்டினை இரட்டிப்பாக்குவது முதல் பதில் அல்ல. டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக இறங்குவது 6 சதவீதம்தான். தொப்பை, புகை, ஈறு நோய், தூக்கத்தில் மூச்சுத் திணறல், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொப்பைக் கொழுப்பே இன்டர்லூக்கின்-6-ஐச் சுரக்கும் என்பதால் எடை குறைந்தாலே எண் இறங்கும்.

இதற்கு அடுத்த படி, அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் மாத்திரை 0.5 மி.கி. 2020-இன் லோடோகோ2 ஆய்வில், நாள்பட்ட இதயநோய் உள்ளவர்களுக்கு நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்தன. 2024-இல், மாரடைப்பு வந்த கையோடு தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. யூரிக் ஆசிட் மூட்டுவலிக்கு விற்கும் அதே மருந்து என்பதால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விஷம். கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அட்டோர்வாஸ்டாட்டினும் அதே கிளாரித்ரோமைசினோடு சேரும்போது தசையைப் பாதிக்கலாம். தொண்டை வலிக்கு டாக்டரிடம் போனாலும், தினமும் போடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.