வீடு கட்டப் போறவங்க மேஸ்திரிகிட்ட பேசுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

"கிரீன் ஹோம்"னு விளம்பரம் பண்ற ஃபிளாட் எல்லாத்துலயும் ஒரே மாதிரி படம்தான், மொட்டை மாடில சோலார் பேனல், பால்கனில தொட்டிச்செடி, ஹால்ல எல்இடி லைட்டு. சுவர் எதுல கட்டிருக்காங்க, மேற்கு வெயில் எங்க விழும், கூரைக்கு மேல என்ன போட்டிருக்காங்கன்னு அவங்களும் சொல்றதில்ல நாமளும் கேக்கறதில்ல. ஒரு வீடு மண்ணுக்கும் தண்ணிக்கும் நல்லதா கெட்டதாங்கறது அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடியே முக்கால்வாசி முடிவாயிடுதுங்க. அதுல பெரிய முடிவு, எவ்ளோ சிமெண்ட்டைக் குறைக்க முடியும்ங்கறது.

அரியலூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், சுண்ணாம்புக்கல் வெட்டின குழி எவ்ளோ பெருசுன்னு. அந்தக் கல்லை மத்த சாமானோட சேத்து சூளைல 1450 டிகிரிக்கு சுடணும், அதுக்கு எரிக்கிற நிலக்கரிப் புகை ஒரு பக்கம், கல்லு வேகும்போது அதுக்குள்ள இருந்தே கரியமில வாயு வருது, 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லுக்கு 44 கிலோ. எந்த எரிபொருளை மாத்தினாலும் இந்த 44 கிலோ குறையாது. உலகத்துல மனுஷன் வெளிய விடுற கரியமில வாயுல 7, 8 சதவீதம் சிமெண்ட்டால வர்றதுக்கு இதான் காரணம். சிமெண்ட்டே வேண்டாம்னு நான் சொல்லல, பில்லருக்கும் பீமுக்கும் அது வேணும். ஆனா ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு சுவர், பூச்சு, தளம், காம்பவுண்டுன்னு கண்ண மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் கொட்டுறோமே அது ஏன்?

கும்பகோணத்துல ஒரு பழைய ஓட்டு வீட்ட இடிச்சிட்டு இருந்தாங்க, நின்னு பாத்தேன். ஒரு அக்கா செங்கல் குவியல் மேல உக்காந்து ஒவ்வொரு கல்லையும் கைல எடுத்து சின்ன கொத்துல ரெண்டு தட்டு தட்டுறாங்க, சுண்ணாம்புச் சாந்து பொடியா உதிர்ந்து விழுது, கல்லு முழுசா வருது, பக்கத்துல அடுக்கிட்டே போறாங்க. அதே வீட்டுல பிற்பாடு சிமெண்ட் வெச்சு கட்டின பாத்ரூம் சுவரை உடைச்சா கல்லுதான் துண்டு துண்டா போச்சு, சாந்து அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது. முதல் குவியல் இன்னொரு வீட்டுக்குப் போகும். ரெண்டாவது குவியல் டிராக்டர்ல ஏறி எந்த ஏரிக்கரையில கொட்டப் போறாங்களோ. சுண்ணாம்பையும் சுடத்தான் வேணும், ஆனா சுவர்ல ஏறினப்புறம் அது காத்துல இருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துதான் மெதுவா இறுகுது. செட்டிநாட்டு வீடுகள்ல பளிங்கு மாதிரி இருக்கிற சுவரெல்லாம் சுண்ணாம்புதான், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேத்து தேய்ச்சது.

சுவருக்கு வருவோம். எல்லாரும் ஆரோவில் மண் கல்லைப் பத்திக் கேக்கறாங்க. அஸ்திவாரத்துக்குத் தோண்டின மண்ணுலயே சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தி, ஈரப்பதத்துல நாலு வாரம் வெச்சு எடுக்கிறது, சூளையே கிடையாது. அருமையான பொருள், ஆனா உங்க மண்ணு என்ன மண்ணுன்னு முதல்ல பாருங்க. செம்மண் பூமின்னா ஜாம் ஜாம்னு வரும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண்ணு ஈரத்துல உப்பி காஞ்சா வெடிக்கும், அதுல அப்படியே போய் கல்லு அடிச்சிட்டு மண் வீடே மோசம்னு சொல்றது நியாயமில்ல. அந்த ஊர்ல இருக்கறவங்க ஃப்ளை ஆஷ் கல்லு பாக்கலாம். எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையத்து சாம்பல் ஆத்துலயும் கழிமுகத்துலயும் போய் சேர்றதுக்கு சுவர்ல சேர்றது எவ்வளவோ மேல், செங்கல்லுக்காக வயக்காட்டு மேல்மண்ணையும் யாரும் சொரண்ட வேண்டியதில்ல. எதுவா இருந்தாலும் லாரில 400 கிலோமீட்டர் தாண்டி வர்ற கல்லுக்கு என்ன பேரு வெச்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

சாதா செங்கல்தான் கிடைக்குதா, அதையே கம்மியா வெச்சு கட்ட வழி இருக்கு. பர்மிங்காம்ல பிறந்து திருவனந்தபுரத்துல வாழ்ந்து 2007ல இறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கேரளா முழுக்க இதைக் கட்டிக் காமிச்சிருக்காரு, திருவனந்தபுரத்துல உள்ளூர் (Ulloor)ங்கற பகுதில இருக்கிற சிடிஎஸ்ங்கற ஆராய்ச்சி நிறுவனத்தோட (Centre for Development Studies) வளாகத்தை இன்னைக்கும் போய் பாக்கலாம். ராட் ட்ராப் பாண்டுன்னு பேரு, கல்லைப் படுக்க வைக்காம நிமித்தி வெச்சு நடுவுல காலி விட்டுக் கட்டுறது. அதே 9 இஞ்ச் சுவருக்கு கால்வாசி கல்லு மிச்சம், உள்ள நிக்கிற காத்து வெயிலைத் தடுக்கும். ஃபில்லர் ஸ்லாப்பும் அப்படித்தான், தளத்தோட கீழ்ப்பகுதில இழுவையைத் தாங்குறது கம்பி, நடுநடுவுல இருக்கிற காங்கிரீட் சும்மா பாரமாதான் தொங்குது, அந்த இடத்துல மங்களூர் ஓட்டை வெச்சா கனம் குறையும் சூடும் குறையும். இதுக்கு டிசைன் தெரிஞ்ச இன்ஜினியர் கண்டிப்பா வேணும், யூடியூப் பாத்து பண்ற வேலை இல்ல.

மொட்டை மாடிதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணி தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க, அதுக்கு மேல தட்டோடு. இன்னைக்கு அந்த வேலையைச் சொன்னா "அதெல்லாம் யாரு சார் இப்ப பண்றா"ன்னு ஒரே பதில். வெறும் காங்கிரீட்டை விட்டுட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கும் அனலடிக்குதுன்னு ரூமுக்கு ஒரு ஏசி மாட்டறோம். ஏற்கனவே கட்டின வீடா, சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடி மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிங்க, வெயில்ல பெரும்பகுதி திரும்பிப் போயிடும்.

குழாய், ஃபேன் சமாச்சாரம் சுலபம். டேப் வாயில ஏரேட்டர்ங்கற சின்ன சல்லடையைப் போட்டா நிமிஷத்துக்கு 10, 12 லிட்டர் ஊத்துறது பாதிக்கும் கீழ வந்துடும், வாஷ்பேசினுக்கும் கிச்சன் சிங்க்குக்கும் போடுங்க, பக்கெட் பிடிக்கிற டேப்ல போட்டு பிரயோஜனம் இல்ல, பக்கெட்டு நிறைய லேட்டாகும் அவ்ளோதான். ஃப்ளஷ் டூயல் வாங்குங்க, ரெண்டு பட்டன் இருக்கும், ஒண்ணுக்கு 3 லிட்டர், இன்னொண்ணுக்கு 6 லிட்டர். பிஎல்டிசின்னு (BLDC) கம்மி கரண்ட்ல ஓடுற மோட்டார் வெச்ச ஃபேன் 30 வாட்ஸ் சுத்தி எடுக்கும், பழைய ஃபேன் 75. எல்லாத்தையும் விட முக்கியம், குளிக்கிற தண்ணிக்கும் டாய்லெட்டுக்கும் பைப்பை ஆரம்பத்துலயே தனித்தனியா இழுத்துடுங்க, குளிச்ச தண்ணி கல்வாழைப் பாத்திக்குப் போகட்டும், டைல்ஸ் ஒட்டினப்புறம் இதை செய்யணும்னா உடைக்கணும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டுல 2003லயே கட்டாயம் ஆக்கினாங்க, அப்படியும் 2019ல ஜோலார்பேட்டைல இருந்து சென்னைக்கு ரயில்ல ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்துச்சு. இடைப்பட்ட வருஷத்துல எத்தனை பேரு குழிக்குள்ள அடைஞ்ச மண்ண அள்ளினோம்?

இதெல்லாம் ஏன் நடக்கலன்னா ஸ்கொயர் ஃபீட் ரேட்டுதான். சதுரடிக்கு இவ்ளோன்னு பேசி முடிச்ச கான்ட்ராக்டருக்கு கைப்பழக்கம் இல்லாத வேலை எல்லாம் நஷ்டம், அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அதனால ராட் ட்ராப் வேணும், சுண்ணாம்புப் பூச்சு வேணும்னா லேபர் தனியா மெட்டீரியல் தனியா பேசுங்க, முதல்ல காம்பவுண்டு சுவர்ல ஒரு பத்தடி கட்டச் சொல்லிப் பாருங்க, கொத்தனாருக்கும் கை வந்துடும், "நிக்குமா இது"ன்னு கேக்கற மாமா சித்தப்பாவுக்கும் தொட்டுப் பாக்க ஒண்ணு இருக்கும்.

சுண்ணாம்பு வேலையும் மாடி ஜல்லி அடிக்கிற வேலையும் தெரிஞ்சவங்க நிறைய பேருக்கு இப்ப அறுபதைத் தாண்டிடுச்சு. உங்க ஊர்ல அப்படி ஒரு கொத்தனார் இருந்தா அவர்கிட்ட சம்மதம் கேட்டுட்டு ஊரு பேரை மட்டும் கீழ போடுங்க, வீடு கட்டப்போற ரெண்டு மூணு பேரு என்கிட்ட தேடிட்டு இருக்காங்க, கூட ஒரு சின்னப் பையனை வேலை கத்துக்க அனுப்பவும் தயாரா இருக்காங்க.