ஒரு வாரம் ஓடாவிட்டால் எல்லாம் போய்விடாது

"லீவில் ஒரு வாரம் ஓடாவிட்டால் ஆறு மாத உழைப்பும் வீண்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது சரியில்லை தம்பி. இதைப் படித்துப் பயந்து, மே மாத வெயிலில் யாரும் காரைக்குடி ரோட்டில் ஓடிவிடக் கூடாது.

முதல் சில நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் குறையும். அதனால் திரும்ப ஓடும்போது மூச்சு வாங்கும். ஆனால் பத்து நாள் வரை தாங்குதிறன் பெரிதாக இறங்காது. மூன்று, நான்கு வாரம் அடியோடு விட்டால்தான் நன்றாகத் தெரியும். 1980களில் நடந்த ஆய்வு ஒன்றில், வாரம் 6 நாள் பயிற்சியை 2 நாளாகக் குறைத்தவர்கள் 15 வாரமும் திறனைக் காப்பாற்றினார்கள். ஆனால் பயிற்சியின் வேகத்தை அவர்கள் குறைக்கவில்லை.

நான் கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டுக்குப் போனால் இரண்டே நாள்தான் ஓடுவேன். விடியற்காலை ஐந்தரைக்கு, கோலம் ஈரம் காய்வதற்குள், அந்த நீண்ட நேர்த்தெருக்களில் 20 நிமிடம். நடுவில் நாலைந்து முறை ஒரு நிமிடம் வேகமாக. அப்புறம் ஊருணிக் கரையில் மெதுவாக நடை. திரும்பி வந்தால் முற்றத்துத் தூண் நிழலில் சூடாகக் கந்தரப்பம் காத்திருக்கும். அதையும் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.