ஆரஞ்சு ரஃபி: மரபணு ஒன்றானாலும் கூட்டம் ஒன்றல்ல

"கடல் பெரிசு, ஓரிடத்தில் தீர்ந்தால் பக்கத்திலிருந்து மீன் வந்து சேரும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனுக்கு நடந்தது தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

நியூசிலாந்துக்குக் கிழக்கே கடலுக்கடியில் இருக்கும் சாட்டம் மேட்டில் 1970களின் கடைசியில் இந்த மீன்பிடி சூடுபிடித்தது. முக்கால் கிலோமீட்டருக்கும் கீழே, இருட்டில் வாழும் மீன். குளிர்காலத்தில் முட்டையிடக் கடலடிக் குன்றுகளின் மேல் நெருக்கியடித்துக் கூடும். அந்த நேரம் பார்த்து இழுவைமடியை இறக்கினால் சில நிமிடத்தில் டன் கணக்கில் ஏறும். அள்ளினார்கள். அதன் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லை மெல்லிசாக அறுத்து வளையம் எண்ணிய பிறகுதான் விஷயம் புரிந்தது: நூறு வயதைத் தாண்டி வாழ்கிற மீன், முட்டையிடும் பருவம் வரவே ஏறத்தாழ முப்பது வருடம். 1980களில் அள்ளியதற்கு ஈடாகப் பிறந்த குஞ்சுகள் இப்போதுதான் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இது பலருக்கும் தெரிந்த பாதி. எது ஒரு கூட்டம், அதாவது தனக்குள்ளேயே பெருகித் தன்னையே நிரப்பிக்கொள்ளும் மீன்தொகை, எது வேறு கூட்டம் என்பதுதான் பேசப்படாத பாதி. மரபணுவைப் பார்த்தால் கடலுக்குக் கடல் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அதை வைத்து எல்லாம் ஒரே கூட்டம் என்பது தப்பு. தலைமுறைக்குச் சில மீன் இடம் மாறினாலே மரபணு கலந்துவிடும். காலியான குன்று மறுபடி நிரம்ப அது எந்த மூலைக்கு? அதனால் எங்கே, எப்போது முட்டையிடுகிறது, எந்த அளவில் பருவமடைகிறது என்று பார்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் தெற்கே பெட்ரா பிராங்கா பக்கம் மேயும் மீன், முட்டையிடக் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் குன்றுக்குப் போகிறது என்று கருதி இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கமே கடலடியில் இருக்கும் காஸ்கேட் பீடபூமி மீனுக்குத் தனிக் கணக்கு. இப்படிப் பார்ப்பதுதான் சரி.

நியூசிலாந்து மீன்பிடிக்காகப் பிரித்த பகுதிகளில் 3பி என்பதை நடத்தும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. சாட்டம் மேட்டுக்கும் தெற்குக் கடல் முழுவதற்கும் சேர்த்து ஒரே கோட்டா, அதாவது ஒரே பிடி வரம்பு. உள்ளே பல கூட்டங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு என்பதைப் பல வருடம் கம்பெனிகளுடன் பேசிவைத்த உடன்பாட்டில்தான் ஓட்டினார்கள். கையெழுத்தை நம்பி விடுகிற விஷயமா இது? நியூசிலாந்துக்கு மேற்கே சேலஞ்சர் பகுதியை, மீன் குறைந்துபோனதால், 2000இல் மூடி, 2010இல்தான் மறுபடி திறந்தார்கள். சந்தேகம் இருந்தால் தனித்தனிக் கூட்டம் என்றே வைத்து, துண்டு வாரியாகச் சட்டத்திலேயே வரம்பு எழுத வேண்டும். அந்தக் கணிப்பு பிசகினால் சில பருவத்து வருமானம் குறையும், அவ்வளவுதான். ஒரே கூட்டம் என்று நினைத்துப் பிசகினால், அந்தக் குன்றில் மறுபடி மீன் கூட ஒரு மனித ஆயுள் ஆகலாம்.