பூவில் பிறக்காத தேன்

விளம்பரத் தொழில் கற்பது பற்றி நீங்கள் வெளியிடும் தொடரில், முதலில் டிசைன் மென்பொருள் பழக வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு உடன்பாடில்லை. நாகர்கோவிலில் 12 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பழக வரும் பிள்ளைகளை முதல் வாரம் கம்ப்யூட்டர் பக்கமே விடுவதில்லை.

ஒருமுறை மார்த்தாண்டம் தேனுக்கு ஒரு போஸ்டர். புதிதாக வந்த பெண் 'சுத்தமான, தரமான, இயற்கையான' என்று எழுதி, தேனடை படம் ஒன்றையும் ஒட்டிக் கொண்டுவந்தாள். பாட்டிலில் நெய்யை ஊற்றினாலும் அந்த வரி பொருந்தும். சரி, தேன்பெட்டி வைத்திருக்கும் அண்ணனோடு ஒரு நாள் இருந்துவிட்டு வா என்று ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினேன். அவர் ஒரு தளிரைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் பொடித்துளியாக இனிப்பு ஊறி நின்றதாம். மாசி வாக்கில் ரப்பர் தளிர்க்கும்போது தேனீ தேடி வருவது அதைத்தான், பூவை அல்ல. சாயங்காலம் அவள் எழுதி வந்தது: 'பூவில் பிறக்காத தேன்'. ஒரு தளிர், ஒரு துளி, மீதி வெள்ளை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

1959-ல் அமெரிக்காவில் வந்த வோக்ஸ்வேகன் விளம்பரத்திலும் பக்கம் முழுக்க வெற்றிடம், ஓரமாகக் குட்டிக் கார். சிறியது என்பதை மறைக்காமல் அதையே சொன்னார்கள். அதைச் செய்த நிறுவனத்தின் பில் பெர்ன்பாக், எழுதுகிறவரையும் வரைகிறவரையும் ஜோடியாக வேலை செய்ய வைத்தவர். நம் ஊரிலோ வாசகம் வாட்ஸ்அப்பில் வருகிறது, டிசைன் வேறு கடையில் நடக்கிறது. தொடரின் அடுத்த பகுதியில் இதைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.