கட்டடத்துக்கு முன் களப்பணியாளர்

குடியாத்தத்தில் நாங்கள் நடத்திவரும் சிறிய அறக்கட்டளைக்கு ஆம்பூர்ப் பக்கத்தில் இடம் கொடுத்து, மூன்று அறைகள் கொண்ட ஒரு கட்டடமும் கட்டித் தருவதாக நல்ல மனம் படைத்த ஒருவர் முன்வந்திருக்கிறார். அதை ஏற்பதா வேண்டாமா என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் பேசியும் முடிவு எட்டவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். கூட்டம் முடிந்த பிறகு நண்பர்கள் சிலர் தொலைபேசியில் அழைத்து, "அறக்கட்டளை வளர்வதில் உங்களுக்கு விருப்பமில்லையா?" என்று வருத்தத்தோடு கேட்டார்கள். தொடங்கிய நாள் முதல் இதன் வரவு செலவுக் கணக்கை எழுதிவருபவன் என்ற முறையில் அவர்களுக்கு விளக்கமாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமே. குழுவின் முடிவு அன்று.

2006-இல் ஒரு வீட்டு மொட்டை மாடியில், தென்னங்கீற்றுக் கொட்டகையின் கீழ், 14 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்ததுதான் எங்கள் தொடக்கம். அத்தனை பேரும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள். நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன்தான். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையை எடுத்து, தகட்டை வைத்துக் கத்தரித்து, முறத்தில் இருக்கும் தூளை அளவாக வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது அம்மாவின் வேலை; முனை மடக்கித் தருவது எங்கள் வேலை. சின்ன விரல்களுக்கு அது எளிதாக வரும் என்பதால் வீட்டில் இருக்கும் கடைசிக் குழந்தை வரைக்கும் அந்த வேலை போய்ச் சேரும். 25 பீடி ஒரு கட்டு; ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கில் ஒரு நாள் முடியும். வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையையே முதலாளியிடம் வேலைக்கு விட்ட குடும்பங்களும் எங்கள் தெருவில் இருந்தன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் இருபது ஆண்டுகள் கழித்து, 1996-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு இந்தியாவின் கொத்தடிமைச் சிறார்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் எங்கள் பழைய வடஆற்காடு மாவட்டப் பீடித் தொழிலைப் பற்றி எழுத வேண்டிய நிலைதான் இருந்தது.

அந்தக் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மதிய உணவு ஏற்கெனவே இருந்தது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் படிப்படியாக வந்தது. பள்ளி நேரத்தில் மடியில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பத்து வயதுக் குழந்தையை எங்கள் தெருக்களில் இன்று காண்பது அரிது. அந்த மாற்றத்தில் எங்கள் பங்கு மிகச் சிறியது. அரசும், ஆசிரியர்களும், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களும் செய்த வேலை அது.

ஆனால் பிள்ளைகள் படிப்பை விட்டு விழும் இடம் நகர்ந்திருக்கிறது. அன்று எட்டு வயதில் விழுந்தார்கள்; இன்று பதினேழு வயதில் விழுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதத்தில் வருகிறது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்கு வரும் அண்ணன்மார், திரும்பிப் போகும்போது ஒரு தம்பியையும் கூட அழைத்துச் செல்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்குக் காலையில் தெருமுனையில் வந்து நிற்கும் ஷூ கம்பெனி வேன் இருக்கிறது. வேலைக்குப் போவது குற்றமில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்தும், பணம் கட்டியும், மூன்று மாதத்தில் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடி, இடையில் சில வாரம் திறந்து மறுபடியும் மூடிய பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 செப்டம்பரில் மீண்டும் நுழைந்தபோது, எங்களிடம் படித்த பையன்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. அவர்களைத் தேடிப் போனபோதுதான் மாலை வகுப்பு மட்டும் போதாது என்பது எங்களுக்கு உறைத்தது. அப்போதுதான் முதல் முறையாக, ஊதியம் கொடுத்து ஒரு களப்பணியாளரை வைத்தோம்.

அவர் எங்கள் மாலை வகுப்பில் படித்த பெண். அவர் வீட்டின் முதல் பட்டதாரி. அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை ஒரு நாள் கூடவே போய்ப் பார்த்தேன். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வேலூர் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சேர்ந்த பையன் இரண்டு வாரமாகக் கல்லூரிக்குப் போகவில்லை என்று தகவல் வந்திருந்தது. நாங்கள் போனபோது பையன் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தாய் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னான்னு நீயே கேளும்மா, எங்கிட்ட வாயே தெறக்க மாட்றான்" என்றார். எங்கள் பெண் உடனே எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாய் கையிலிருந்த கட்டுக்கு நூல் சுற்றி முடிக்கும் வரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு பையனைப் பார்த்து, "எத்தினி மணி பஸ்சுக்குப் போவ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கல்லூரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தால் அவன் பேசியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். பஸ் பற்றிக் கேட்டதும் சொல்லிவிட்டான். இலவச பஸ் பாஸ் இன்னும் கைக்கு வரவில்லை; போக வர நாளுக்கு 60 ரூபாய் ஆகிறது; அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அதே ஊரிலிருந்து படிக்கும் அவன் தங்கைக்கு இந்தச் சிக்கல் தெரியாது. பாஸ் வரும் வரையில் ஐந்து வார பஸ் செலவை அறக்கட்டளை கொடுத்தது. 1,500 ரூபாய். அவன் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

என் கணக்குப் புத்தகத்தில் அந்த 1,500 ரூபாய் "மாணவர் உதவி" என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. நன்கொடையாளர்களுக்கு அந்தத் தலைப்பு பிடிக்கும். ஆனால் அந்தத் தொகை எந்த வீட்டுக்கு, எந்த வாரத்தில், எதற்காகத் தேவை என்று கண்டுபிடித்தது எங்கள் பெண். அவருடைய ஊதியம் "நிர்வாகச் செலவு" என்ற தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பார்த்ததும், "இவ்வளவு நிர்வாகச் செலவா?" என்ற கேள்வி வருகிறது. இந்த ஒரு கேள்வியால் எங்கள் வேலை தடைபட்டது போல் வேறு எதனாலும் தடைபட்டதில்லை.

அரசின் திட்டங்கள் இருக்கும்போது அறக்கட்டளை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. திட்டங்கள் இருக்கின்றன, நல்ல திட்டங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறையின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மாமாவின் கைப்பேசிக்குப் போகிறது. அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டு கைப்பேசியை எடுப்பதில்லை. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை அம்மாவிடம் இல்லை. முப்பது ஆண்டுகளாகச் சுற்றுகிறார், ஆனால் அட்டை வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறது. ஒடுகத்தூருக்கு மேலே மலைக் கிராமங்களிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடி மாணவனுக்குச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அளவில் கிடைக்க வேண்டும். அதற்காக மலையிலிருந்து எத்தனை முறை இறங்கி ஏறுவது? வரிசையில் கூட நின்று, படிவத்தை நிரப்பி, மறுநாளும் வரச் சொன்னால் மறுநாளும் வர ஒரு ஆள் வேண்டும். வீட்டில் படித்தவர் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆள் அப்பாவோ சித்தப்பாவோ. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆளைத்தான் நாங்கள் ஊதியம் கொடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில், வேலூரில் மருத்துவப் பணி செய்த அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைவுபடுத்தினார். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி; அவர் பெரிதாக நினைத்திராவிட்டால் வேலூருக்கு அது கிடைத்திருக்குமா என்று கேட்டார். நியாயமான கேள்வி, அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை எழுந்தது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே அம்மையார் மருந்து கலக்கும் உதவியாளர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்தக் கட்டடத்துக்குள் வேலை செய்ய ஆட்களை அவர் உருவாக்கிக்கொண்டே போனார். 1977-இல் அதே நிறுவனம் கே.வி. குப்பத்தில் ருஹ்சா என்ற கிராமப்புற நலப் பிரிவைத் தொடங்கிக் கிராமங்களுக்குப் போனது. எங்களிடம் இன்று இரண்டே களப்பணியாளர்கள். ஆம்பூரில் கட்டடம் திறந்தால் இருவரில் ஒருவர் அங்கே போய்க் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பேரணாம்பட்டுத் திண்ணைகளுக்கு யார் போவது?

பணத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அப்படி ஒரு நிறுவனம் எங்களுக்கு ஓராண்டு கொடுத்தது. பைகள், நோட்டுகள், கணினிகள் எல்லாம் வந்தன. மார்ச் மாதத்தோடு நின்றது. பல ஆண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது என்று எழுதிப் பார்த்தோம்; பதில் இல்லை. அந்தப் பணத்தை நம்பி வைத்த மூன்றாவது களப்பணியாளரை மே மாதத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அவர் பார்த்துவந்த பிள்ளைகளிடம், அக்கா இனி வர மாட்டார் என்று சொல்ல என்னால் முடியவில்லை. தனிநபர் நன்கொடையிலும் ஒரு மாற்றம் தெரிகிறது. 2023-24 முதல் புதிய வருமான வரி முறையே இயல்பான முறையாகிவிட்டது. அதில் நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது. மார்ச் மாதம் ரசீதுக்காகக் கொடுத்துவந்த சிலர் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ரசீது தேவைப்படாதபோதும் தொடர்ந்து கொடுப்பவர்களை நம்பித்தான் இனி நாங்கள் திட்டமிட முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளை மேடையில் ஏற்றி, பையை ஒரு கையும் பிள்ளையை ஒரு கையுமாகப் பிடித்துப் படம் எடுப்பதைச் சென்ற ஆண்டோடு நிறுத்திவிட்டோம். பதினைந்து வயதுப் பெண் அந்தப் படத்தை அடுத்த நாள் வகுப்புத் தோழியின் கைப்பேசியில் பார்க்கிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்த பிறகு எடுத்த முடிவு அது. படம் இல்லையென்றால் பணம் இல்லை என்று ஒருவர் சொன்னார். சரி என்று விட்டுவிட்டோம்.

ஆம்பூர் இடத்தைக் கொடுக்க வந்தவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் பெயரைக்கூடக் கட்டடத்தில் போட வேண்டாம் என்கிறார். ஆகவே அவரிடம் நேரில் போய்ப் பேசலாம் என்று நினைக்கிறேன். கட்டடத்துக்கு ஒதுக்கிய தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் மலைக் கிராமங்களுக்கு ஒரு களப்பணியாளரை வைக்க அவர் ஒப்புக்கொண்டால், மூன்று ஆண்டு கழித்து ஆம்பூர் பற்றி நானே முன்மொழிகிறேன். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவர் மேல் உள்ள மதிப்பு குறையாது.

மற்றவர்களிடம் நான் கேட்பது மாதம் 500 ரூபாய். ஒரே தடவையில் 6,000 வேண்டாம், மாதந்தோறும் வேண்டும். அப்போதுதான் ஒருவரை வேலைக்கு வைத்து, அடுத்த ஜூனிலும் நீங்கள் இருப்பீர்கள் என்று சொல்ல முடியும். வளைகுடாவில் வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளைகள், இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள், தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அயல்நாட்டு நன்கொடையில் சேராது. அவர்கள் தயங்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குப் பின் இதுவரை 11 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இருவர் 2006-இல் அந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தவர்கள். அடுத்த கூட்டம் வருகிற இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. மே மாதத்தில் அனுப்பிய அந்தக் களப்பணியாளரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.