பாஸ்டன் ஓல்டு நார்த் சர்ச்: எது அசல், எது மறுசீரமைப்பு?

நண்பரே, "ஓல்டு நார்த் சர்ச்சில் 1775இல் இருந்தது அப்படியே இருக்கிறது, அன்றிரவு பால் ரெவியர் அதே மணிகளை அடித்துத்தான் ஊரை எழுப்பினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. (பிரிட்டிஷ் படை வருவதை அமெரிக்க விடுதலைப் போராளி ரெவியர் ஊருக்கு எச்சரித்த இரவு அது.)

மணிகள் அசல்தான். இங்கிலாந்தின் கிளாஸ்டரில் ஏபெல் ருடால் 1744இல் வார்த்த எட்டு மணிகள். ரெவியர் அவற்றை அடித்ததும் உண்மை, ஆனால் சிறுவனாக இருந்தபோது. 1775 ஏப்ரல் 18 இரவு, ரெவியரின் ஏற்பாட்டில் மற்றவர்கள் கோபுரத்தில் காட்டியது இரண்டு லாந்தர் விளக்குகளை, அதுவும் சத்தமில்லாமல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சார்லஸ்டவுனில் காத்திருந்தவர்களுக்கான சைகை அது. மணி அடித்திருந்தால் பிரிட்டிஷ் படையே விழித்திருக்கும்!

அந்த விளக்குக் கோபுரம் 1804 புயலில் விழுந்தது. மாற்றாகக் கட்டியதும் 1954 சூறாவளியில் போனது. குடும்பம் குடும்பமாக உட்கார, குளிர்காற்றைத் தடுக்க, கதவு வைத்த பெட்டி இருக்கைகளும் 1912 சீரமைப்பில் பழைய வடிவில் திரும்பச் செய்தவை.

அப்புறம், ஆர்கன் பக்கத்திலுள்ள நான்கு மரத் தேவதூதர்கள் பாஸ்டன் கைவேலை இல்லை. கியூபெக் நோக்கிப் போன பிரெஞ்சுக் கப்பலிலிருந்து, இதே சபையைச் சேர்ந்த கேப்டன் குருச்சி 1746இல் கைப்பற்றிக் கொடுத்தவை. கத்தோலிக்கருக்காகச் செதுக்கிய சிலைகள் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் வந்து நின்ற கதை இது. எனக்கு அங்கே மிகவும் பிடித்தவையும் அவைதான். பதிவைத் திருத்திவிடுங்கள்.